அவருக்கு வேர்க்காது

என் கணவருக்கு வேர்க்காது. கல்யாணமான புதிதில் எல்லோரையும் போல அவருக்கும் வேர்த்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு லோஞ்சின், அதாவது இயந்திரப் படகின், எஞ்சின் அறையில் அவருக்கு வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது சேட்டின் முதுகுப் பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதை ஊறவைத்துத் தோய்ப்பது எனக்கு அலுப்பான வேலையாக இருந்தது. அந்த உப்புக் கறைக்காக ஒருநாள் ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கல்யாணமாகி நான்காம் வருடம் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்து, சூடான எஞ்சின் மீது சீறி, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று அவருடைய முறை அல்ல. அவருடைய கூட்டாளி, அக்கரைக் கிண்ணியாக்காரர், தன் மனைவிக்குப் பிள்ளைப்பேறு என்று வீட்டுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக இவர் இறங்கினார். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்த காலையில் இங்கே இவரைச் சாக்கால் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஏழு மாதம் கொழும்பில் கிடந்தார். தொடையிலிருந்து தோலை எடுத்து நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டினார்கள். முகம் தப்பிவிட்டது. கழுத்துக்குக் கீழே இரண்டு கைகளும், நெஞ்சும், முதுகும், இடுப்புவரை, வெயிலில் காய்ந்த சேற்று நிலம்போல வரிவரியாக, சில இடம் வெளுத்தும் சில இடம் சிவந்தும் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தத் தோலிலை வேர்வை வராது, பிள்ளை. வேர்வை வராட்டில் உடம்புச் சூடு ஆறாது. எங்களுக்கு வெயில் எண்டால் கரைச்சல். இவருக்கு அது ஆபத்து. விளங்குதோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன். உண்மையில் விளங்கவில்லை. உயிரோடு திரும்பக் கிடைத்தாரே என்ற நினைப்பில் வேறெதுவும் தலைக்குள் ஏறவில்லை. வந்து சேர்ந்தது மார்கழி. வாடைக் காற்றும் மழையும். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். நான் பக்கத்தில் படுத்தேன். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன்.

வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியபோதுதான் டொக்டர் சொன்னது விளங்கியது. எங்கள் ஊரில் கச்சான் மேற்கே காய்ந்த காடுகளைத் தடவிக்கொண்டு வரும். கடலருகே இருந்தும் கடலின் ஈரம் அதில் ஒரு சொட்டும் இராது. அடுப்பின் வாயைத் திறந்து பிடித்ததுபோல அடிக்கும். அந்த மாதம் ஒரு நாள் பகல் பஸ் நிலையத்துக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று நினைத்துச் சனம் விலகிப் போயிருக்கிறது. பக்கத்துச் சோடாக் கடைக்காரர் மட்டும் தலையில் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அந்தத் தண்ணீர்தான் அவரைக் காப்பாற்றியது. சோடாக் கடைக்காரருக்கு அது தெரியாது.

அதன் பிறகு வெக்கையோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டோம்.

எஞ்சின் பக்கம் இனி அவரை விட முடியாது என்று அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி இரக்கப்பட்டு ரெலிபோன் இணைக்கும் வேலை கொடுத்தார். அந்தச் சிறிய அறையில் இயந்திரங்களுக்காக ஒரு ஏசி பூட்டியிருந்தது. ஊரில் அப்போது ஏசி இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணலாம். இவர் அதைக் 'குளிர்ப்பெட்டி' என்பார். காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவார். வேலை முடிந்தாலும் வெயில் தாழும்வரை அங்கேயே இருப்பார். அந்த அறையில் அவர் பழைய மனிதராக இருந்தார். நான் படிப்பித்த பாடசாலையிலிருந்து ஏதாவது அவசரத்துக்கு ரெலிபோன் எடுத்தால் அந்தக் குரலைக் கேட்பேன். பகிடியும் சிரிப்புமாக, எஞ்சின் அறைக்குள்ளிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பழைய குரல்.

வீட்டுக்கு வருபவர் வேறு ஆள். தகரக் கூரைக்குக் கீழே, ஈரத் துவாயை முதுகில் போட்டுக்கொண்டு, சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக் கிடப்பார். கண்ணைத் திறந்து பேசவும் அலுப்பு. ஒருநாள் பரிவோடு தோளில் கை வைத்தேன்.

"கையை எடுமப்பா. சுடுகுது."

கோபத்தில் சொல்லவில்லை. வெறும் செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். என் கை அவருக்குச் சுட்டது. அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு சித்திரையிலிருந்து ஆவணிவரை நான் அவரைத் தொடுவதில்லை. பாயை அடுத்த சுவரோரம் போட்டுக்கொள்வேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆறேழு வருடம் எங்கள் தாம்பத்தியம் மழைக்காலத்தில் மட்டும்தான் நடந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அரைக் கதையாகிவிடும். அந்தக் குளிர்ப்பெட்டி மீது எனக்குப் பொறாமை இருந்தது. அவருடைய நல்ல நேரமெல்லாம் அதற்குத்தான் போனது.

எழுபதுகளின் நடுவில் நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும், ஏசி காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் போட்டால் போதும். சரி, இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம் என்று அவர் தன் வேலை நேரத்தைச் சுருக்கிக் கேட்டார். சில மாதம் அப்படி ஓடியது. பிறகு அந்த இயந்திரமே பழுதாகி நின்றது. அதற்கு வேண்டிய உதிரிப்பாகம் இறக்குமதி இல்லை என்றார்கள். அறைக்கு ஒரு மின்விசிறி கொடுத்தார்கள். வேர்வை வராத உடம்புக்குக் கச்சான் நேரத்து மின்விசிறி சூட்டை அள்ளிக் கொட்டும் கருவி. ஒரு கிழமை சமாளித்தார். பிறகு வைத்தியச் சான்றிதழோடு ஓய்வூதியத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

வந்த அன்று அலுவலகச் சேட்டுகளை மடித்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார். "இனி இதுகள் தேவைப்படாது" என்றார். நான் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் என் தங்கையும் எங்களோடு இருந்தாள். அம்மாவும் போன பிறகு அவளை நான்தான் கூட்டிவந்து வைத்திருந்தேன். தட்டெழுத்துப் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். என் கணவரை அவளுக்கு நன்றாகப் பிடிக்கும். நான் பாடசாலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் வீட்டை ஆறவைக்கும் வேலையை அவள்தான் பார்த்தாள்.

விடிந்ததும் எல்லா யன்னல்களையும் திறந்துவிடுவோம். எட்டரைக்கு மேற்குப் பக்கத்தை முழுவதுமாக அடைத்து, கிழக்கில் ஒரு யன்னலை மட்டும் திறந்து, அதில் நனைத்த சீலையைத் தொங்கவிடுவாள். அது அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். திரும்ப நனைக்க வேண்டும். தகரக் கூரையின் மேல் தென்னோலைக் கிடுகு பரப்பி, பத்து மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை வாளியால் தண்ணீர் எறிவோம். அடுப்பை விடியவே மூட்டி, சமைத்து இறக்கி, அணைத்துவிடுவோம். மத்தியானம் தேத்தண்ணி கிடையாது. விருந்தாளிக்கும் கிடையாது. அதனால் எங்கள் வீட்டை ஈயாத வீடு என்று சிலர் கதைத்ததும் என் காதுக்கு வந்தது.

அந்தக் கிண்ணியாக் கூட்டாளி, நான் நானா என்று கூப்பிடுபவர், ஒவ்வொரு நாளும் மத்தியானம் வந்தார். அவர் இன்னும் லோஞ்சில்தான் வேலை. மீனுக்கு ஐஸ் அடிக்கும் இடத்தில் ஒரு கட்டி வாங்கி, மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். வந்து சேரும்போது பாதி கரைந்திருக்கும். சாக்கிலிருந்து ஒழுகிய தண்ணீர் பாதையில் கோடு போட்டிருக்கும். தொடக்கத்தில் இவருக்கு அது பிடிக்கவில்லை.

"நீ ஏன்டாப்பா ஒவ்வொரு நாளும் மினக்கெடுறாய்? நான் உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை."

"நீ கேக்காட்டி என்ன. அண்டைக்கு நானும் உன்னட்டக் கேக்கல்ல. நீதான் இறங்கின."

அதற்குப் பிறகு இவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஐஸை உடைத்து ஒரு தாம்பாளத்தில் போட்டு, அதற்குப் பின்னால் மேசை மின்விசிறியை வைத்து, இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து லோஞ்சுக் கதை கதைப்பார்கள். கரண்ட் நின்றால் நானா சாக்கின் நுனியைப் பிடித்து விசிறுவார்.

கிணற்றடியில் தொட்டி கட்டியதும் நானாதான். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, மணலும் சீமெந்தும் ஏற்றிய வண்டியோடு வந்தார். ஆள் படுக்கிற நீளம், இடுப்பளவு ஆழம். மேலே கிடுகுப் பந்தல். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி இவர் அதற்குள் இறங்கி உட்கார்ந்த முதல் நாளை இன்றும் மறக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்துவரை தண்ணீரில், அவர் மெதுவாகச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பாடவும் தொடங்கினார். நான் குசினி வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய நல்ல நேரம் ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் வளவுக்குள் வந்திருந்தது.

பதினொரு மணியிலிருந்து நாலரைவரை அவர் தொட்டிக்குள்தான். விளிம்பில் ஒரு பலகை போட்டு, அதில் பேப்பர் வைத்து வாசிப்பார். என் மாணவிகளின் பரீட்சைத் தாள்களில் கூட்டல் சரிபார்த்துத் தருவார். ஒருமுறை ஒரு தாள் தண்ணீரில் விழுந்து, நான் அந்தப் பிள்ளைக்கு மார்க்கை அனுமானத்தில் போட்டேன்.

ஆனால் எங்கள் படலையைத் திறந்தால் முதலில் தெரிவது கிணற்றடிதான். படலைக்கு வந்தவர்களெல்லாம் தொட்டிக்குள் ஒரு தலையைக் கண்டார்கள். ஒழுங்கையில் பிள்ளைகள் 'தொட்டி மாமா' என்றார்கள். பாடசாலையில் ஒரு ஆசிரியை, "ரீச்சர், உங்கட மனுசர் எருமை மாதிரிக் கிடக்கிறாராமே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், "இந்தப் பக்கம் ஒரு மறைப்புக் கட்டினால் என்ன?" என்று கேட்டேன். "கட்டினால் காத்து வராதே" என்றார். உண்மைதான். ஆனால் வெட்கம் உள்ளே இருந்துகொண்டிருந்தது.

அது வெட்கம் மட்டுமல்ல. தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு இடம் எல்லாம் பொருந்தி வந்து, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் விலகிவிட்டார்கள். பிறகு தெரியவந்தது, யாரோ அவர்களிடம் அந்த வீட்டு மாப்பிள்ளைக்குத் தோல் வியாதி, குஷ்டம் மாதிரி, என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கை அதைக் கேட்டு அழவில்லை. "அப்பிடிப்பட்ட ஆக்கள் எனக்கு வேண்டாம் அக்கா" என்றாள். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அழுதது நான்தான்.

அடுத்து மட்டக்களப்பிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை மருந்தகத்தில் வேலை. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தாயும் தாய்மாமனும் மாப்பிள்ளையும் வருவதாகக் கடிதம் வந்தது. எங்களுக்கு அப்பா இல்லை. அப்பாவின் இடத்தில் இருந்து கதைக்க வேண்டியவர் என் கணவர்தான்.

முதல் நாள் அவரிடம் சொன்னேன். "பதினொண்டுக்கு வருவினம். அரை மணித்தியாலம் போதும். நீளக் கைச் சேட்டுப் போட்டுக்கொண்டு இருங்கோ. அவையள் உள்ளுக்கு வந்து பெண்ணைப் பாத்தாப்பிறகு நீங்கள் மெல்ல எழும்பிப் போகலாம்."

"ஓம்" என்றார். "அதுக்கென்ன. கழுத்துப் பட்டனையும் பூட்டுறன்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கச்சான் தொடங்கிவிட்டது. முற்றத்துப் புழுதி எழுந்து சுழன்றது. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, உள்ளே தென்னோலைகளை அடுக்கி, அது ஏதோ மாட்டுத் தொட்டி போலத் தோன்றும்படி செய்தேன். யன்னலில் தொங்கிய ஈரச் சீலைகளை அவிழ்த்துவிட்டுக் கஞ்சி போட்ட திரைச்சீலை மாட்டினேன். பத்தரைக்கு அவர் முழுக்கைச் சேட்டும் வேட்டியுமாக நடுக்கூடத்துக் கதிரையில் உட்கார்ந்தார். பழைய அலுவலகச் சேட்டு. நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. வரவில்லை.

பன்னிரண்டரைக்கு நானாவின் சைக்கிள் மணி கேட்டது. நான் ஓடிப்போய்ப் படலையிலேயே மறித்தேன். ஒழுகுகிற சாக்கு, இடுப்பில் நனைந்த சாரம், மீன் வாடை.

"இண்டைக்கு வேண்டாம் நானா. தங்கச்சியைப் பாக்க வருகினம். இப்ப வந்திடுவினம்."

நானா உள்ளே எட்டிப் பார்த்தார். தொட்டியில் ஓலை கிடப்பதைக் கண்டிருப்பார். "அவன் எங்க?" என்றார்.

"உள்ளுக்கு இருக்கிறார். நல்லாத்தான் இருக்கிறார்."

"பின்னால வச்சிட்டுப் போறனே."

"வேண்டாம் நானா. நாளைக்குக் கொண்டு வாங்கோ."

அவர் சாக்கை இறுக்கிக் கட்டினார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். உள்ளே வந்தபோது என் கணவர் கேட்டார், "ஆர், அவனே?"

"ஓம். பிறகு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

அவர் முகத்திலிருந்து வேர்வை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் அடைபட்டதால் முகத்தில் மட்டும் அப்படி வழியும். துவாயைக் கொடுத்தேன். "நான் கொஞ்ச நேரம் கிணத்தடியிலை நிண்டு தண்ணி வாத்துக்கொண்டு வரட்டே?" என்று கேட்டார். அதை அவர் கெஞ்சுவதுபோலக் கேட்கவில்லை. வழக்கம்போல, மெதுவாகத்தான் கேட்டார்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கு ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. இவர் வெறும் மேலோடு கிணற்றடியில் நிற்கும்போது அவர்கள் படலையைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்கோ. இப்ப வந்திடுவினம்" என்றேன்.

"சரி" என்றார்.

அவர்கள் ஒன்றரைக்கு வந்தார்கள். பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். பிறகு நடந்ததெல்லாம் நன்றாகவே நடந்தது. என் கணவர் எழுந்து கைகூப்பினார். மாப்பிள்ளையின் மாமன் ஒருகாலத்தில் கப்பலில் வேலை செய்தவர் என்று தெரிந்ததும் இருவரும் எஞ்சின் கதையில் இறங்கிவிட்டார்கள். ரெலிபோனில் மட்டும் நான் கேட்டிருந்த அந்தக் குரலில் அவர் பேசினார். மாப்பிள்ளையின் தாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். தங்கை சர்பத் கொண்டுவந்து கொடுத்தாள். அவளைப் பார்த்த உடனேயே அந்தத் தாயின் முகத்தில் முடிவு தெரிந்தது. நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

இடையில் ஒருமுறை அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் வழிந்துகொண்டிருந்த வேர்வை நின்றிருந்தது. முகம் காய்ந்து சிவந்திருந்தது. எனக்கு அது தெரிந்தது. அது என்ன அடையாளம் என்றும் எனக்குத் தெரியும். நான் எழுந்து, "இவருக்கு மருந்து எடுக்கிற நேரம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அப்போதுதான் மாமன் நாள் பார்க்கிற கதையைத் தொடங்கியிருந்தார். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அவர்கள் எழுந்தார்கள். என் கணவரும் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "போட்டு வாங்கோ" என்றார். அந்தச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவர்கள் ஒழுங்கை முனையில் திரும்பியதும், நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தார்.

சேட்டுப் பொத்தான்களை என்னால் அவிழ்க்க முடியவில்லை. தங்கை கிழித்தாள். உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. கை கால் இழுத்தது. இருவருமாக இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனோம். தொட்டியில் தண்ணீர் இல்லை. அதைக் காலையில் திறந்துவிட்டவள் நான்தான். தங்கை வாளி வாளியாக அள்ளி ஊற்ற, பக்கத்து வீட்டுக்காரர் கார் பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை. நானாவுக்குச் செய்தி போய், அன்று மாலையே சாக்கோடு வந்துவிட்டார். தாதியிடம் கேட்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி வைத்தது அவர்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நாலாம் நாள் விழித்தார். உயிர் இருந்தது. ஆனால் நாக்கு தடித்துவிட்டது. ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. கை நடுங்கி நடுங்கி ஒரு கோப்பையைப் பிடிக்க ஏலாமல் போனது. நடக்கும்போது காலை அகட்டி வைத்து, படகில் நடப்பவர்போலத் தள்ளாடினார். மூளையின் ஒரு பகுதி சூட்டில் வெந்துவிட்டது என்றார் டொக்டர். திரும்பாது என்றும் சொன்னார்.

"ஏன் இவ்வளவு நேரம் வெக்கையிலை வச்சிருந்தனீங்கள்?" என்று அந்த டொக்டர் என்னிடம் கேட்டார். தங்கையும் நானாவும் பக்கத்தில் நின்றார்கள். அப்போது கட்டிலிலிருந்து அவர் கையை அசைத்தார். எல்லோரும் குனிந்தோம்.

"அவ... சொன்னவ. போய்... தண்ணி வாக்கச் சொன்னவ. நான்தான்... மாட்டன் எண்டனான்."

சொல்லி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. தங்கை அழத் தொடங்கினாள். "ஏன் அத்தான்? எனக்காண்டியே?" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையை ஆட்டினார். என்னைப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொய் அங்கேயே உண்மையாகிவிட்டது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அவரைத் தாங்கிப்பிடித்துக் கோயில் மண்டபத்தில் ஒரு கதிரையில் உட்காரவைத்தோம். காலையில், வெயில் ஏறுமுன், நானா கொண்டுவந்த ஐஸ் தாம்பாளம் அவருடைய காலடியில் இருந்தது. இந்தமுறை யார் பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் வந்து அவருக்கு விசிறினாள். அவரைப் பற்றி எல்லாம் கேட்டு அறிந்திருந்தாள். "இதை முந்தியே சொல்லியிருந்தால் நாங்கள் என்ன வேண்டாமெண்டே சொல்லியிருப்பம்?" என்று என்னிடம் கேட்டாள்.

அதன் பிறகு அவர் இரண்டு வருடமும் சில மாதமும் இருந்தார். தங்கை மட்டக்களப்புக்குப் போய்விட்டதால் நான் நீண்ட விடுமுறை எடுத்தேன். சீலை நனைத்தேன். கூரைக்குத் தண்ணீர் எறிந்தேன். தொட்டிக்குள் அவரைத் தனியே விட ஏலாது, சரிந்துவிடுவார். நானும் உள்ளே இறங்கி, சீலையோடு, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருப்பேன். ஒழுங்கையால் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். அந்தத் துணிவு ஒரு ஆனி மாதம் பிந்தி வந்தது.

ஒருநாள் தண்ணீருக்குள் அப்படி இருக்கும்போது கேட்டேன். "ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் வெகு நேரம் எடுத்துச் சொன்னார். "நீர்... இந்த ஊரிலை... இருக்க வேணுமே."

மார்கழி மாதத்தில், ஒரு மழைப் பகலில், சளி நெஞ்சில் கட்டி அவர் போனார். வெக்கை அவரைக் கொண்டுபோகவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் நனைந்தபடி நின்றார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் நானா வந்து கிணற்றடியில் நின்றார். தலைமுடி நரைத்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"அண்டைக்கு நான் அந்த ஐஸத் திருப்பிக் கொண்டு போயிருக்கப்படாது, தங்கச்சி," என்றார். "உங்களத் தள்ளிப்போட்டாவது உள்ளுக்கு வந்திருக்கோணும். ரெண்டாந்தரமும் அவன உட்டுட்டுப் போயிட்டன்."

அவருக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். தண்ணீர் வார்க்கட்டுமா என்று அவர்தான் கேட்டார், வேண்டாம் என்றது நான் என்று சொன்னேன். மழை விட்டு, கிடுகிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நானா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "அவன் மாட்டன் எண்டு சொல்ற ஆள் இல்லையே. தண்ணியக் கண்டா ஓடுறவன்."

என்னைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிண்ணியாவுக்குப் போக வள்ளத்துறைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

அடுத்த கச்சானுக்குத் தங்கையும் அவளுடைய கணவரும் கைக்குழந்தையோடு வந்து ஒரு கிழமை நின்றார்கள். பழக்கத்தில் அவள் விடிய எழுந்து யன்னல்களைத் திறந்தாள். எட்டரைக்கு அடைத்தாள். குசினியில் இருவரும் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள், "அத்தான் பொல்லாத பிடிவாதக்காரன் அக்கா. நீங்கள் சொன்னதை அண்டைக்கு ஒருக்கால் கேட்டிருந்தால் இப்ப இருந்திருப்பார்."

"ஓம்" என்றேன்.

அவள் இப்போது கடல் கடந்து, பனி கொட்டும் ஊரில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளுக்குத் தன் அத்தானைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பிடிவாதத்தையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். அவர் பிடிவாதக்காரர் அல்ல. எனக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இதை எழுதி முடித்ததும் ஒரு பிரதி எடுத்து அவளுக்குத் தபாலில் அனுப்பப்போகிறேன்.